கொண்டம்மாபட்டி லைன்

புதூர் ரோட்டில் பருத்திக்காடு தொடங்கும் இடத்தில் தன் இன்டர்நெட் கேபிள் கம்பத்தடியில் சுருண்டு கிடப்பதைப் பார்த்து வனிதா ஸ்கூட்டரை ஓரங்கட்டினாள். அடுத்த கம்பத்திலும் இல்லை, அதற்கடுத்ததிலும் இல்லை. தூரத்தில் ஏணி சாய்த்து ஒருவர் மேலே நின்றுகொண்டிருந்தார். அவள் கிட்டே போனதும் இறங்கி, கையிலிருந்த குறட்டைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். இந்தப் பக்கத்து மின்கம்பங்களைப் பார்த்துக்கொள்ளும் வெயிலுமுத்து. அவர் வீட்டுக்கும் இன்டர்நெட் போவது வனிதாவின் லைனில்தான்.

“ஆபீஸ்ல பெர்மிஷன் இல்லாத வயரையெல்லாம் இறக்கச் சொல்லிட்டாவ தங்கச்சி. நான் என்ன செய்ய?”

வனிதா அறுந்த முனைகளைத் தேடி எடுத்து, ஸ்கூட்டரிலிருந்து ஒட்டும் மெஷினை இறக்கி, ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆடிக்காற்று கரிசல் புழுதியை வாரி இறைத்தது. கேபிளுக்குள் இருக்கும் கண்ணாடி இழை தலைமுடியை விட மெல்லியது. ஒரு தூசி விழுந்தாலும் ஒட்டாது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்ற வெயிலுமுத்து, அறுத்த அதே கையால் துண்டை விரித்துக் காற்றுக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டார். அவள் ஒட்டி முடிக்கும்வரை அப்படியே நின்றார்.

வனிதாவின் புருஷன் கிருஷ்ணராஜ் கேபிள் டிவி நடத்தி வந்தவன். நாடெங்கும் தொலைத்தொடர்பைத் திறந்துவிட்டாயிற்று, சின்ன ஆட்களும் லைசென்ஸ் எடுத்து இன்டர்நெட் கொடுக்கலாம் என்று சொன்னபோது, கோவில்பட்டி வட்டாரத்தில் முதலில் ஓடியவர்களில் அவனும் ஒருவன். லைசென்ஸ் கிடைத்தது. கம்பத்தில் கேபிள் கட்டத்தான் அனுமதி கிடைக்கவில்லை. கேட்டுக் கேட்டு விண்ணப்பம் போட்டான். மின்வாரியம் கேட்ட தகுதிகளெல்லாம் ஒரு மாவட்டத்தையே வளைக்கக்கூடிய ஆளுக்குத்தான் இருக்கும். கம்பம் வேண்டாம், மண்ணுக்குள் புதைப்போம் என்று பார்த்தால், கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் குழாயை இழுத்து முறித்தது. மழைக்கு ஊதிப் பிதுக்கித் தள்ளியது. வேறு வழியில்லாமல் கம்பத்திலேயே கட்டினார்கள். இவர்கள் மொத்தமாக இன்டர்நெட் வாங்கியதும் ஒரு பெரிய கம்பெனியிடம்தான். ஊர் ஊராக ஆள் சேர்ந்த பிறகு, அதே கம்பெனி அதே தெருக்களில் முதல் சில மாதம் இலவசம் என்று தட்டி வைத்தது. இழை ஒட்டுவதற்கு வைத்திருந்த ஆளும் அங்கே போனான். வனிதா மெஷினைக் கையில் எடுத்தது அப்போதுதான்.

இத்தனைக்கும் நடுவில், லைனின் கடைசி நுனியில் இருந்தது கொண்டம்மாபட்டி. ஓடைக்கு அந்தப் பக்கம், முப்பது வீட்டுக்குள் அடங்கிவிடும் ஊர். செல்போனில் பேச்சே விட்டு விட்டுத்தான் வரும், வீடியோ நிற்காது. அங்கே வரைக்கும் இழுத்தால் கட்டுப்படியாகாது என்று கிருஷ்ணராஜ் சொன்னதை மீறி வனிதா இழுத்தது உமாராணிக்காக.

உமாராணிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. அவளைக் கட்டிய மாரிசெல்வமும் அப்படித்தான். கல்யாணமான கொஞ்ச நாளில் அவன் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய், பல பேரோடு ஒரே ரூமில் தங்கினான். உமாராணி அம்மா ஆவுடைத்தாயோடு ஆடு மேய்த்துக்கொண்டு ஊரிலேயே இருந்தாள். எழுதப் படிக்க அவளுக்குக் கொஞ்சம்தான் வரும். மெசேஜில் “சாப்பிட்டாச்சா” கேட்கலாம். சண்டை போட முடியாது, சமாதானமாகவும் முடியாது.

லைன் கொடுத்த அன்று சாயங்காலம் வனிதா அந்த வீட்டில் இருந்தாள். போனைச் சுவரில் சாய்த்து வைத்து, எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்த உமாராணி, முதலில் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அந்தக் கைகள் பேசத் தொடங்கின. கோபித்தன, கேலி செய்தன, எதையோ மறைத்தன. அவள் புறங்கையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்ததைப் பார்த்து, கேட்கக்கூடாத பேச்சைக் கேட்டுவிட்டவள்போல வனிதா வெளியே வந்துவிட்டாள்.

வெயிலுமுத்து கேபிளை இறக்கியதற்கு அடுத்த வாரம் பெரிய கம்பெனியின் ஏரியா அதிகாரி சுடலைக்குமார் வீட்டுக்கு வந்தான். மரியாதையான பையன், செருப்பை வெளியே விட்டு வந்தான். லைனைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும், இவர்கள் கடை கம்பெனியின் சர்வீஸ் சென்டராகும், இரண்டு பேருக்கும் சம்பளம் உண்டு என்றான். எந்தெந்த ஊர் என்று லேப்டாப்பில் காட்டினான். வனிதா குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“கொண்டம்மாபட்டி எங்க?”

“அது வராது மேடம். அவ்வளவு தூரத்துக்கு அத்தன வீடுதான்னா, மேல ஒத்துக்கிட மாட்டாவ.”

“அப்ப அந்த ஒரு லைன மட்டும் நாங்க வச்சிக்கிடுதோம்.”

அவன் சங்கடத்தோடு கிருஷ்ணராஜைப் பார்த்தான். அந்த ரோட்டுக் கம்பத்துக்கெல்லாம் இனிமேல் கம்பெனிக்குத்தான் அனுமதி, இன்னொரு கேபிள் அதில் தொங்கக் கூடாது என்று தணிந்த குரலில் சொன்னான்.

கிருஷ்ணராஜ் எழுந்து வாசல் பக்கம் போய் நின்றான். வனிதா பின்னாலேயே போனாள். அவன் திரும்பாமலே சொன்னான்: “எனக்கு முடியல வனிதா. தெனமும் எந்தக் கம்பத்துல அறுத்திருப்பானோன்னு எந்திரிக்கேன்.” கல்யாணமான நாளிலிருந்து அவன் முடியவில்லை என்று சொல்லி அவள் கேட்டதில்லை. உள்ளே வந்து அவன் கையெழுத்துப் போட்டபோது அவள் தடுக்கவில்லை.

கொண்டம்மாபட்டிக்குச் சொல்ல வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். அவளே போனாள். ஆவுடைத்தாய் காட்டுக்குப் போயிருந்தாள். உமாராணி மட்டும் இருந்தாள். வனிதா சுவரில் இருந்த பெட்டியைக் காட்டி, இல்லை என்று கையை விரித்தாள். உமாராணி விரல்களை மேலிருந்து கீழே உதிர்த்துக் காட்டினாள். மழையா என்று கேட்கிறாள். மழைக்கு இதற்கு முன்னும் லைன் போய் வந்திருக்கிறது. வனிதா இல்லையென்று தலையை ஆட்டினாள். உமாராணி ஒரு விரலை முன்னால் வளைத்துக் காட்டினாள். நாளைக்கா? இல்லை. இரண்டு விரல். இல்லை. மூன்றாவது விரலைப் பாதி நீட்டியவள், வனிதாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மடக்கிக்கொண்டாள். அப்புறம் உள்ளே போய் ஒரு செம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். வனிதா வாங்கி முழுவதும் குடித்தாள்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் ஆவுடைத்தாய் சொல்லித் தெரிந்ததுதான். மெசேஜில் மாரிசெல்வம் என்னவோ எழுதப்போய், இவள் வேறு என்னவோ புரிந்துகொண்டு சாப்பிடாமல் கிடந்திருக்கிறாள். சில நாள் போனை எடுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டி, சிக்னல் வரும் மேட்டைத் தேடி நடந்திருக்கிறாள். தீபாவளிக்கு வந்தவன் தனியாக ஒரு ரூம் பிடித்துவிட்டதாகச் சொல்லி அவளைக் கையோடு கூட்டிப் போய்விட்டான். ஆவுடைத்தாயையும் கூப்பிட்டார்கள். ஆட்டையும் காட்டையும் விட்டுவிட்டு எங்கே போவது என்று அவள்தான் மறுத்துவிட்டாள். பிள்ளைகள் சேர்ந்தார்களே என்ற நிம்மதியில் பஸ் ஏற்றியும் விட்டாள்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மகள் எழுதினால் தாய்க்குப் படிக்கத் தெரியாது. தாய் கூப்பிட்டால் மகளுக்குக் கேட்காது.

தை பிறந்த பிறகு ஒரு நாள் ஆவுடைத்தாய் பஸ் ஏறி கோவில்பட்டிக்கு வந்தாள். கடைமேல் கம்பெனியின் புதுப் போர்டைப் பார்த்து இது வேறு கடையோ என்று வெளியே நின்றவளை வனிதாதான் உள்ளே கூட்டி வந்தாள்.

“எம் மகளக் காட்டுதியா தாயி?” என்றாள் ஆவுடைத்தாய்.

பஸ்ஸுக்குக் காசும் ஆட்டைப் பார்க்க ஆளும் கிடைக்கும்போதெல்லாம் அவள் வந்தாள். வனிதா போனைப் போட்டு, மேஜைமேல் நிறுத்திவைத்துவிட்டு, வேலை பார்ப்பதுபோலத் திரும்பிக்கொள்வாள். தாயும் மகளும் பேசும் சைகைகள் அவர்கள் வீட்டுக்குள்ளேயே பிறந்தவை. ஆட்டுக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று, செத்துப்போன அப்பாவுக்கு ஒன்று. வேறு யாருக்கும் புரியாது. உமாராணி கொஞ்சம் சதை போட்டிருந்தாள். அவள் வேலை பார்க்கிற இடத்தில் அவளைப்போலவே காது கேட்காத பல பெண்கள் இருக்கிறார்களாம்.

ஒரு நாள் உமாராணி வேகமாக எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு தோழியும் இருந்தாள். இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிச் சிரித்தார்கள். ஆவுடைத்தாயும் சிரித்தாள். நடுவில், மகள் நெஞ்சுக்கு நேரே வட்டம் சுற்றிய ஒரு சைகையைத் தானும் செய்து பார்த்தாள். அது சரியாக வரவில்லை. மறுபடி செய்வதற்குள் அவர்கள் அடுத்த பேச்சுக்குப் போயிருந்தார்கள். கடைசியில் மகள் கையசைத்ததும் போன் இருட்டானது.

“நல்லாருக்காளா யக்கா?” என்று வனிதா கேட்டாள்.

“நல்லாருக்கா.” ஆவுடைத்தாய் மூக்கைச் சிந்திக்கொண்டாள். “புதுசு புதுசா கையில என்னென்னமோ சொல்லுதா. எனக்குத்தான் வெளங்க மாட்டேங்கு.”

வனிதா அவளோடு பஸ் ஸ்டாண்டுவரை நடந்தாள். புதூர் பஸ்ஸில் ஜன்னலோர இடமாகப் பார்த்து உட்கார வைத்து, ஒரு கடலைமிட்டாய்ப் பாக்கெட்டை மடியில் வைத்துவிட்டு இறங்கினாள்.

பஸ் கிளம்ப நேரமிருந்தது. கீழே நின்று வனிதா பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவுடைத்தாய் அவளைக் கவனிக்கவில்லை. எதிரே இருந்த சீட்டின் முதுகைப் பார்த்தபடி, கருத்து வெடித்த அந்த விரல்களை மெதுவாக விரித்து, மடக்கி, நெஞ்சுக்கு நேரே ஒரு வட்டம் சுற்றினாள். தலையை அசைத்துக்கொண்டு அழித்தாள். மறுபடி முதலிலிருந்து விரித்தாள்.