சைக்கிள் சிலுவாரை எங்கே காயப்போடுவது

என் மகள் ரோகினி சைக்கிள் ஓட்டும்போது உள்ளே ஜட்டி போடுவதில்லை என்கிற சேதி எங்கள் லயத்து வீடுகளில் பரவியதற்கு அவளேதான் காரணம். போனில் சிநேகிதியிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்களுக்கும் பக்கத்து வீட்டுக் குமுதவல்லிக்கும் நடுவில் இருப்பது வெறும் பலகைச் சுவர். பிறகு கேட்கவா வேண்டும்.

பெடாஸ் பக்கம் எங்கள் தோட்டம். நான் செம்பனையில் உதிரிப்பழம் பொறுக்குகிறேன். ரோகினி ரெம்பாவில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் கல்லாவில் நிற்கிறாள். வேலை விட்டு வந்ததும் சைக்கிள்தான். ரஹாங்கில் லோகேஸ்வரி என்று ஒரு டீச்சர், பெண்பிள்ளைகளுக்குப் பந்தய சைக்கிள் பழக்குகிறார். சைக்கிள்கூட அவர் இரவல் கொடுத்ததுதான். மாநிலக் குழுவுக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள், இருபது வயதுக்குள் இருக்க வேண்டுமாம். ரோகினிக்கு இந்த வருஷத்தோடு அந்த வயது முடிகிறது. அவள் சாப்பிடும்போதும் அதே பேச்சு, தூங்கும்போதும் அதே பேச்சு.

காட்டு வேலைக்குப் போகிற எங்களுக்குத் துணிமேல் துணி போட்டுத்தான் பழக்கம். டிராக்சூட், அதன்மேல் கைலி, அதன்மேல் புருஷனின் பழைய சட்டை. முள்ளுக்கும் அட்டைக்கும் கொசுவுக்கும் வேறு வழி கிடையாது. சைக்கிளுக்கென்று அவள் போடுகிற, உடம்போடு ஒட்டிய கால்சட்டை, அந்தச் சிலுவாரைப் பார்த்ததும், உள்ளே ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டு போ என்றுதான் நானும் சொன்னேன். போட்டுக்கொண்டு போனாள். தொடை இடுக்கில் கோடு கிழித்த மாதிரி புண்ணோடு வந்தாள்.

டீச்சரிடம் கேட்டுவந்து எனக்குச் சொன்னாள்.

"சிலுவாருக்கு உள்ளேயே மெத்தை மாதிரி தச்சிருக்கும்மா. அது தோலோட ஒட்டணும். நடுவுல ஜட்டி போட்டா வேர்வையக் குடிச்சிட்டு ஈரத்துணியா கெடக்கும். தையல் வேற அறுக்கும்."

"ஒண்ணுமே போடாமலா போவ?"

"சிலுவார்தாம்மா ஜட்டி. ஓட்டி முடிச்சதும் கழட்டிரணும், ஒடனே தொவைக்கணும், வெயில்ல நல்லாக் காயணும். அவ்ளோதான் லா."

எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் அப்படிச் செய்ததும் புண் ஆறியது. தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் சிலுவாரை முன்பக்கக் கொடியில் போட்டுவிட்டுப் போவேன்.

கொஞ்ச நாளில் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை கோடு இல்லை, கொப்பளம். ஒன்று அமுங்கினால் இன்னொன்று. உட்காரும்போதெல்லாம் பிள்ளை பல்லைக் கடித்தாள். "மத்தியானம் மழை, துணி காயவே இல்ல" என்று மயிலம்மாள் தினமும் சொல்வார். மயிலம்மாள் என் வீட்டுக்காரர் மணியத்தின் அக்கா. எனக்கு அண்ணி முறை. புருஷன் போனபிறகு எங்களோடுதான் இருக்கிறார். பகலில் வீட்டில் இருப்பது அவர் ஒருத்திதான். நான் வேலை செய்கிற காட்டில் மழையே இல்லையே என்று யோசித்தேன். சரி, லயத்துப் பக்கம் பெய்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது, காட்டில் மருந்தடிக்கிறார்கள் என்று எங்களை மேய்க்கிற மண்டோர் சீக்கிரமே அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்தால் மண்டையைப் பிளக்கிற வெயில். முன்கொடியில் சிலுவாரைக் காணோம். தேடிப்போனேன். பின்பக்கத் தாழ்வாரத்தில், தண்ணீர் டிரம்முக்கு மேலே, என் வீட்டுக்காரரின் கைலிக்கு அடியில் தொங்கியது. மெத்தை சொதசொதவென்று இருந்தது. மோந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

"அண்ணி, இத யாரு இங்க போட்டது?"

அண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை. "நான்தான்."

"ஏன்?"

"உள்ள போடுறத எங்க காயப்போடுவோமோ, அங்க போட்டேன்."

"இது சிலுவார் அண்ணி."

"மொதல்ல சிலுவாராத்தான் இருந்திச்சு. அடியில ஒண்ணும் போடுறதில்லன்னு ஆனப்புறம் இதான் ஜட்டி. ஜட்டிய வாசல்ல தொங்கவிடுவியா நீ? அடுத்த லயத்துப் பய சத்தியசீலன் தினம் அந்த வழியாத்தான் மோட்டார்ல போறான்."

"போறவன் ரோட்டப் பாத்துப் போகட்டும். அப்ப மழ பேஞ்சிச்சுன்னு சொன்னது?"

"நீங்க ரெண்டு பேரும் போனதும் எடுத்து இங்க போடுவேன். வர்றதுக்குள்ள மடிச்சு வச்சிருவேன். ஈரமா இருக்கேன்னு கேட்டா வேற என்ன சொல்ல?"

ஏதோ எனக்கு ஒத்தாசை செய்த மாதிரிதான் சொன்னார்.

"அந்த ஈரத்த மாட்டிக்கிட்டுப் போயித்தான் புள்ளைக்குக் கொப்பளம் வந்திருக்கு."

"அப்ப உள்ள ஒண்ணு போடச் சொல்லு. போட்டுட்டா இது சிலுவார் ஆயிரும். நானே முன்னால கொண்டுபோய்க் காயப்போடுறேன்."

ஜட்டி போட்டால் சிலுவாருக்கு வெயில் உண்டு, ஆனால் தையல் அறுக்கும். போடாவிட்டால் தையல் இல்லை, வெயிலும் இல்லை. எப்படிப் போனாலும் என் மகளுக்குப் புண்தான்.

சத்தம் கேட்டுக் குமுதவல்லி பின்பக்கமாக வந்து நின்றாள். வந்தவள் சும்மா இருந்தாளா. "ஏன் விமலா, அந்த மூணு நாளைக்கு என்ன பண்ணுதாம் பொண்ணு?"

"தையல் இல்லாத மெல்லிசு ஒண்ணு இருக்கு. அந்த நாளுக்கு மட்டும் போடச் சொல்லி டீச்சர் குடுத்திருக்காங்க."

"பாத்தியா, போடலாம்னுதானே இருக்கு" என்றார் அண்ணி.

எனக்கு வந்ததே கோபம். "நம்ம உள்துணியெல்லாம் கைலிக்கு அடியிலயே கெடந்து பாதியும் காயாமத்தான் இந்த வரிசையில ஒருத்திகூட சொறியாம இருந்ததில்ல. தொடை இடுக்குல மருந்து பூசாதவ யாரு, கையத் தூக்குங்க."

"என்னையப் பாக்காத" என்று சொல்லிவிட்டுக் குமுதவல்லி வீட்டுக்குள் போய்விட்டாள். அண்ணி கீரையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். நான் சிலுவாரைக் கொண்டுபோய் முன்கொடியில் போட்டேன். குளித்துவிட்டு வருவதற்குள் அது திரும்பவும் டிரம்முக்கு மேலே தொங்கியது.

கிளினிக்கில் மாத்திரை கொடுத்து, ஒரு வாரத்துக்குச் சைக்கிளில் உட்காரக் கூடாது என்றார்கள். ரோகினி கேட்பாளா. ஞாயிற்றுக்கிழமை தேர்வுக்கு மணியம்தான் அவளைச் சிரம்பானுக்குக் கூட்டிப்போனார். மம்பாவ் பக்கம் ஏற்றம் வரைக்கும் எழுந்து நின்றே மிதித்தாளாம். அதற்குமேல் முடியவில்லை, இறங்கிவிட்டாள். வந்து குப்புறப் படுத்துக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டபோது தலையைத் திருப்பாமலே சொன்னாள்.

"வருஷக் கடைசியில இன்னொரு தடவ எடுப்பாங்க. அதோட சரிம்மா."

நாள் பூராவும் குனிந்து பழம் பொறுக்கிவிட்டு வந்து அண்ணியோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்லை. மறுநாள் அவரிடம் போய், "ரோகினி ஒத்துக்கிட்டா அண்ணி. இனிமே உள்ள போட்டுத்தான் ஓட்டுவா" என்றேன்.

"இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலை கூடிப்போனது. ரோகினியின் பெட்டியில் இருந்து ஒரு நீல ஜட்டியை எடுத்து, யாருமே போடாததை, தண்ணீரில் முக்கிப் பிழிந்து, பின்தாழ்வாரத்தில் கைலிக்கு அடியில் ஓரம் மட்டும் தெரிகிற மாதிரி தொங்கவிடுவேன். பிறகு சிலுவாரைப் புரட்டி, மெத்தை வெளியே இருக்கும்படி முன்கொடியில் போடுவேன். அண்ணி பின்னால் போய்ப் பார்ப்பார், முன்னால் வந்து பார்ப்பார், அப்புறம் அடுப்படிக்குப் போய்விடுவார்.

ரோகினிக்குத்தான் பொறுக்கவில்லை. "எதுக்கும்மா இந்த நாடகம்? நேராச் சொல்ல வேண்டியதுதானே."

"நேராச் சொன்னதுக்குத்தான் ஒனக்குக் கொப்பளம் வந்துச்சு. வாய மூடிக்கிட்டு ஓட்டு."

சிலுவார் மொறுமொறுவென்று காய்ந்தது. கொப்பளம் அடங்கியது. பிள்ளை மறுபடியும் சைக்கிளில் உட்கார்ந்தாள். ஏற்றத்தில் இப்போது யாரும் தன்னைத் தாண்டுவதில்லை என்கிறாள். டீச்சரும் அதையே சொன்னார்.

நேற்று விடியுமுன் நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது அண்ணி வந்து பக்கத்தில் நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"விமலா, தினம் அந்த நீலத்தையே தொங்கவிடுற."

நான் தேத்தண்ணியை ஆற்றினேன்.

"குமுதவல்லி கேக்குறா, ஒங்க வீட்டுப் பொண்ணுக்கு ஒரே ஜட்டிதானான்னு. மாத்தி மாத்திப் போடு லா. மானம் போவுது."

"அப்ப ஒங்களுக்குத் தெரியும்."

"எனக்கென்ன தெரியும். எனக்கு ஒண்ணும் தெரியாது." இடுப்பில் செருகியிருந்த ஒரு சிவப்பு ஜட்டியை எடுத்து அடுப்பங்கட்டையில் வைத்தார். பாசார் கடையில் வாங்கிய புதுசு, அட்டைகூடப் பிரிக்கவில்லை. "ரொம்பப் பிழியாத. சொட்டணும். அப்பத்தான் நம்புவாங்க."

பெரட்டில் பேர் கூப்பிடுகிற நேரமாகிவிட்டது. சிவப்பை முக்கிப் பின்னால் போட்டேன், சிலுவாரை முன்னால் போட்டேன். தேர்வு வருகிற ஞாயிற்றுக்கிழமை. வாசல் தாண்டும்போது அண்ணி பின்னாலிருந்து கூப்பிட்டுச் சொன்னார், நாளைக்கு மஞ்சளாம்.