அண்ணனின் கிதார்க்காரன்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு அவள் வீட்டுக் கூடத்தில் ஆறேழு பேர் கூடுவார்கள். கூடிக் கிதார் கேட்பார்கள். வாரம் ஒருவர் ஒரு ராக் இசைத்தட்டைக் கொண்டுவர வேண்டும். கேட்டு முடித்ததும் அதைப் பற்றிப் பேச்சு ஓடும். பேச்சில் கொடிகட்டிப் பறந்தவர் கல்லூரியில் வரலாறு நடத்தும் வாத்தியார். அவருக்கு அடுத்தபடி வீட்டுக்காரியான அவள்தான்.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கும் வேலை. இரண்டாவது மாடியில் தனி அறை, அதற்குள் சத்தம் புகாத சின்னக் கண்ணாடிக் கூண்டு. வார்டு பையனிலிருந்து பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் "காது மேடம்". நாளெல்லாம் ஊரார் காதை அளந்துகொண்டிருந்ததாலோ என்னவோ, தன் காதின் மேல் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அந்தக் கூட்டம் கும்பிட்டது ஒரு வயதான கிதார்க்காரரை. "பெரியவர்" என்றுதான் சொல்வார்கள். ஒரு கம்பியை மீட்டுவார், அது தானாக அடங்கும்வரை காத்திருப்பார், அப்புறம்தான் அடுத்தது. நடுவில் மூச்சு விடுகிற மாதிரி சில சுரங்களைத் தொட்டும் தொடாமலும் விடுவார். அந்த இடம் வரும்போது வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு ஒரு விரலை உயர்த்துவார். மற்றவர்கள் அசைய மாட்டார்கள்.

அவர்களுக்கு ஆகவே ஆகாதவன் ஒருவன் இருந்தான். ரசிகர்கள் அவனைச் "சூறாவளி" என்று தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் இருபது சுரத்தைக் கொட்டுவான். கிதாரைக் கழுத்துக்குப் பின்னால் போட்டுக்கொண்டும் வாசிப்பான். "விரல் இருக்கு, ஆள் இல்லை" என்பது அவனைப் பற்றி வாத்தியாரின் தீர்ப்பு. அதன்மேல் அப்பீல் கிடையாது.

அவளுடைய அண்ணன் அந்தச் சூறாவளியின் ரசிகர்.

அண்ணன் அவளைவிட எட்டு வயது மூத்தவர். தகரப் பட்டறையில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர். முப்பது வருஷமாக அதே வேலை. அவளுக்குக் கிதார் என்று ஒன்று இருப்பதைக் காட்டியதே அவர்தான். அவள் பள்ளிக்கூடம் படிக்கும்போது ஒரு டேப் ரெக்கார்டரும் ஒரே ஒரு ஹெட்போனும் வாங்கி வந்து, மாடிப்படியில் உட்கார்ந்து இடது பக்கம் அவளுக்கு, வலது பக்கம் தனக்கு என்று பிடித்துக்கொண்டு கேட்பார். பிறகு அவள் படித்தாள், நாலு பேரோடு பழகினாள், வேறு மாதிரி இசையெல்லாம் கேட்டாள். அண்ணன் கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தார். கூட்டத்தில் யாராவது "உங்களுக்கு இந்த ரசனை எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் அவள் அண்ணன் பேரை எடுத்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். அவள் இசைத்தட்டுகளை அடுக்கிவைக்கத் தன் கையாலேயே ஒரு தகர அலமாரி அடித்துக்கொண்டு வந்திருந்தார். கூடம் நிறைய ஆள். வாத்தியார் எழுந்து, "உட்காருங்க, நீங்களும் கேளுங்க" என்றார். அண்ணன் கடைசி நாற்காலியில், கையில் படிந்திருந்த கிரீஸ் தெரியாமல் உள்ளங்கையை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

பெரியவரின் தட்டு ஓடியது. முடிந்ததும் வாத்தியார் அண்ணன் பக்கம் திரும்பினார். "எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு சார். ஆனா நடுவுல நின்னு நின்னு போகுதே. தட்டுல கீறல் ஏதாவது விழுந்திருக்கா?"

கூடமே சிரித்தது. அவளுக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"சரி, உங்களுக்குப் பிடிச்சதைப் போடுங்க" என்றார் வாத்தியார், சிரிப்பு அடங்காமலே. அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. போனை எடுத்துத் துழாவி, சூறாவளியைப் போட்டார். போனிலிருந்து அந்த வெள்ளம் பாய்ந்தது. ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் மட்டும் தொடையில் விரலால் தாளம் போட்டபடி, "இப்ப பாருங்க, இப்ப பாருங்க" என்றுகொண்டிருந்தார்.

யாராவது ஏதாவது சொல்லிவிடுவதற்குள், சூறாவளி தன் ஆள் இல்லை என்று காட்டிவிட வேண்டும் போலிருந்தது அவளுக்கு. வாய் முந்திக்கொண்டது.

"அண்ணா, ஞாயித்துக்கிழமை கூட உனக்கு லீவு கிடையாதா? பட்டறையை ஏன் என் வீட்டுக்குள்ள கொண்டுவந்து ஓட்டற?"

இந்தத் தடவை சிரிப்பு வெகுநேரம் நீடித்தது. வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணனும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சரி பாப்பா, வேலை கிடக்கு" என்று எழுந்தார். போகும்போது அலமாரியின் ஒரு காலுக்கடியில் அட்டைத் துண்டை மடித்துவைத்து, ஆடாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

இரண்டு மாதம் கழித்து, பட்டறையிலிருந்து தொழிலாளர்களைக் காது பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புதிதாக ஏதோ சட்டம். வரிசையில் ஏழாவதாக அண்ணன் வந்தார்.

"உன் கையாலதான் ஆகணும்னு இருக்கு" என்று சிரித்தபடி கூண்டுக்குள் உட்கார்ந்தார். அவள் ஹெட்போனை மாட்டிவிட்டாள், கையில் பட்டனைக் கொடுத்தாள்.

"சத்தம் கேட்டா அழுத்து. ரொம்ப மெல்லிசா கேட்டாலும் அழுத்தணும். ஏமாத்தக் கூடாது."

"நான் எப்ப ஏமாத்தினேன்?"

கதவைச் சாத்திவிட்டு இந்தப் பக்கம் வந்து ஆரம்பித்தாள். தாழ்ந்த, கனத்த ஒலிகளுக்கு டக் டக்கென்று அழுத்தினார். சுருதி ஏறி நடுத்தர ஒலிக்கு வந்தபோது கை நின்றது. அவள் ஒரு படி கூட்டினாள். இன்னொரு படி. அண்ணன் கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், பரீட்சையில் அடுத்த கேள்விக்காகத் தயாராக இருக்கும் நல்ல மாணவனைப் போல. ஒலி அவர் காதில் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடுவது அவருக்குத் தெரியவில்லை. "ம், போடு" என்பதுபோலப் புருவத்தை உயர்த்தி அவளைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

காகிதத்தில் அவர் கேட்கும் அளவைக் காட்டும் கோடு மாடிப்படி இறங்குகிற மாதிரி இறங்கிக்கொண்டே போனது. நாளுக்குப் பத்து பேருக்கு இந்தக் கோட்டைப் போடுகிறவள். அண்ணன் டிவியை அலறவிடுகிறார், போனில் கத்துகிறார், கூப்பிட்டால் திரும்புவதில்லை. அது அவர் சுபாவம் என்றே இத்தனை வருஷமும் இருந்துவிட்டாள்.

வெளியே வந்ததும், "பாஸா?" என்றார் அண்ணன்.

"மெஷின் வெக்கணும்ணா. ரெண்டு காதுக்கும்."

"எனக்கா? எனக்கு எல்லாம் கேக்குதே!"

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கணினியில் பெரியவரின் தட்டை ஏற்றினாள். அண்ணன் கோட்டில் எந்தெந்த ஒலி எவ்வளவு குறைந்திருந்ததோ, அந்தந்த ஒலியை அவ்வளவு குறைத்தாள். பிறகு கேட்டாள். ஒரு சுரம் விழுந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. வெகுநேரம் கழித்து இன்னொன்று. வாத்தியார் விரலை உயர்த்தும் அந்த இடத்தில் வெறும் பொட்டல்தான் இருந்தது. உண்மையிலேயே நின்று நின்றுதான் போனது. சூறாவளியைப் போட்டாள். கொஞ்சம் மழுங்கினாலும், அதே உரப்போடு ஆரம்பம் முதல் கடைசி வரை அறுபடாமல் வந்தது.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. காது கேட்காத மனுஷனை, கேட்கவில்லை என்று அவருக்கே தெரியாத மனுஷனை, சபை நடுவில் நிறுத்திச் சிரிக்க வைத்தாயிற்று. அதுவும் அவள்.

மறுநாள் வாத்தியாருக்குப் போன் செய்தாள். நடந்ததைச் சொல்லி, நாம் அப்படிச் சிரித்திருக்கக் கூடாது என்று சொல்லத்தான் எடுத்தாள். ஆனால் சொல்லச் சொல்ல, அவர் "அடடே, அப்புறம்?" என்று கேட்கக் கேட்க, அது ஒரு கண்டுபிடிப்பாக மாறிவிட்டது. எந்த ஒலி எவ்வளவு, எந்தச் சுரம் ஏன் விழவில்லை, சூறாவளி மட்டும் ஏன் கேட்டது என்று புள்ளிவிவரத்தோடு விளக்கினாள். "அப்போ ரசனை இல்லைன்னு நினைச்சோம், விஷயம் காதுல இருந்திருக்கு!" என்று வாத்தியார் வியந்தபோது அவளுக்கு மனசு லேசாகக் கூட ஆனது. ஒரு நோயாளியின் சீட்டை ஊராருக்குப் படித்துக்காட்டிவிட்டோம் என்பது போனை வைத்தபிறகுதான் உறைத்தது. உறைத்ததை உள்ளேயே அமுக்கிக்கொண்டாள்.

காது மெஷின் வைத்து மூன்று வாரம் பழகியதும், அவளே அண்ணனை ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாள். பெரியவரை முழுசாகக் கேட்டால் அண்ணன் மாறிவிடுவார் என்று நம்பினாள். அது நடந்துவிட்டால் அன்றைய சிரிப்புக்கும் ஒரு பரிகாரம் ஆகிவிடும் என்று ஒரு கணக்கு.

அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். வாத்தியார் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்துக்கு நேரே வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சத்தமாகச் சொன்னார்.

"உங்க தங்கச்சி எல்லாம் சொன்னாங்க. பாவம், இத்தனை வருஷமா உங்களுக்குப் பாதிதான் கேட்டிருக்காமே!"

அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தார். ஒரு கணம்தான். அவளால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. தண்ணீர் கொண்டுவரும் சாக்கில் உள்ளே போனாள்.

பெரியவரைப் போட்டார்கள். யாரும் தட்டைக் கேட்கவில்லை, எல்லோரும் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடம் வந்தது. அண்ணன் தலை லேசாக நிமிர்ந்தது.

"அட, இங்க வாசிக்கிறாரு" என்றார் மெதுவாக. "அன்னைக்கு இது எனக்கு இல்ல."

வாத்தியார் வெற்றி பெற்றவர் போலச் சுற்றிலும் பார்த்தார்.

தட்டு முடிந்தது. "என்ன சொல்றீங்க இப்போ?" என்றார் வாத்தியார்.

"நல்லா இருக்கு சார். பொறுமையான மனுஷன்." அண்ணன் கொஞ்சம் தயங்கினார். "என் ஆளை ஒருதரம் போடவா? மெஷின் வெச்சப்புறம் நல்ல ஸ்பீக்கர்ல கேட்டதில்ல."

போட்டார்கள். மெஷின் வழியே சூறாவளி முழுசாக இறங்கியபோது அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். தாளம் போடவில்லை. வாய் பாதி திறந்திருந்தது. பாட்டு முடிந்தும் கண்ணைத் திறக்கச் சிறிது நேரமானது.

"அப்பவும் இவன்தான் சார்" என்றார். "இப்போ இன்னும் நல்லாக் கேக்குது. அவ்வளவு வேகத்துலயும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறல, தனித்தனியா வந்து விழுது. எனக்கு இதுதான் புடிச்சிருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. "பழக்கம் விடாது, மெதுவா மாறும்" என்று யாரோ ஆறுதலாகச் சொன்னார்கள். வாத்தியார் அண்ணன் தோளைத் தட்டிக்கொடுத்தார். இதற்கு முன்போலவே சிரித்திருந்தாலே தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

பஸ் நிறுத்தம் வரை அண்ணனோடு நடந்தாள். பாதி வழியில் ஆரம்பித்தாள்.

"அண்ணா, நான் அவர்கிட்ட சொல்லியிருக்கக் கூடாது."

"ஆமா, கூடாது."

அவர் இப்படி நேராகச் சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. பரவாயில்லை பாப்பா என்பார் என்றுதான் நினைத்திருந்தாள்.

"அன்னைக்குப் பட்டறைன்னு சொன்னது... அப்போ உனக்குக் கேக்கலைன்னு எனக்குத் தெரியாது."

அண்ணன் நின்றார். "கேட்டிருந்தா? கேட்டும் எனக்கு அவனைத்தான் புடிச்சிருந்தா, சிரிச்சிருக்கலாமா?"

அவள் தோளிலிருந்த பையைச் சரிசெய்துகொண்டாள்.

"பெரியவர் தட்டு எனக்குக் காதுல விழல, சரி. நீ சொன்னது நல்லாவே விழுந்துச்சு பாப்பா. எல்லாரும் சிரிச்சதும் விழுந்துச்சு. அதுக்கு மெஷின் தேவைப்படல."

பஸ் தூரத்தில் வருவது தெரிந்தது. எதையாவது சொல்லியாக வேண்டும் என்று, "அவன்கிட்ட உனக்கு அப்படி என்னண்ணா புடிச்சிருக்கு?" என்றாள்.

"உனக்கு ஏன் பெரியவரைப் புடிச்சிருக்குன்னு நான் எப்பவாவது காரணம் கேட்டேனா?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டவர் போலிருந்தது. பஸ் வந்தது, ஏறினார், ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார். அவள் நடைபாதையிலேயே நின்றாள். ஏன் பெரியவர் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். வாத்தியாரின் உயர்ந்த விரல்தான் முதலில் நினைவுக்கு வந்தது. அதை நினைத்தும் கூசியது.

அடுத்த ஞாயிறு கூட்டத்தில், நோயாளி விஷயத்தை வெளியே சொன்னது தன் தப்பு, அண்ணனைப் பற்றி இனி இங்கே பேச வேண்டாம் என்று சொன்னாள். "நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்றார் வாத்தியார். "இல்ல சார், என் மனசு ஆறணும்னு சொன்னேன்" என்றாள். அவர் வேறு தட்டை எடுத்தார். சில வாரத்தில் கூட்டம் வாத்தியார் வீட்டுக்கு மாறியது. அவள் ஒன்றிரண்டு தடவை போனாள், அப்புறம் போகவில்லை.

தனியாக உட்கார்ந்து சூறாவளியையும் கேட்டுப் பார்த்தாள். ஒரு மாதம் விடாமல் கேட்டாள். பிடிக்கவில்லை. வம்படியாகப் பிடிக்க வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

மூன்று மாதம் கழித்து அண்ணன் மெஷினைச் சுத்தம் செய்ய ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவள் வீட்டுக்கு அதன்பிறகு அவர் வரவே இல்லை. இங்கேயும் மற்ற நோயாளிகளோடு டோக்கன் வாங்கிக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தார். அவள் மெஷினைத் துடைத்து, பேட்டரி மாற்றி, காதில் பொருத்திவிட்டாள்.

"இப்பல்லாம் என்னண்ணா கேக்கற?"

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு போனை எடுத்தார். "புதுசா ஒரு பொண்ணு வாசிக்குது. அவனைவிட வேகம்."

"போடேன்."

மேஜைமேல் போனை வைத்தார். இருவரும் முழுப் பாட்டையும் கேட்டார்கள். முடிந்ததும் அண்ணன் எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தயங்குகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. முகம் சுட்டது.

"எனக்குப் புடிக்கலண்ணா" என்றாள், தலையைக் குனிந்துகொண்டே.

"தெரியும். நெத்தியைச் சுருக்கிட்டே இருந்த." போனை எடுத்துப் பையில் போட்டார். "ஆனா கடைசி வரைக்கும் கேட்ட."

அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். அண்ணன் எழுந்து, வாசலில் நின்ற கிழவருக்கு வழிவிட்டு வெளியே போனார்.