கேலீன் தின்ற பச்சை டோனட்

முப்பது வருஷத்தில் கேலீன் ப்ரூயிட் என்னிடம் ஒரு நல்ல வார்த்தை பேசியதில்லை. நானும் அவளிடம் பேசியதில்லை. அப்படி ஒரு குறையில்லாத உறவு எங்களுடையது.

நான் டோலனில் டோனட் கடை வைத்திருக்கிறேன். அவள் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ரிட்லியில். ஊருக்கொரு கல்லூரி, கல்லூரிக்கொரு கால்பந்து அணி; பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற கால்பந்து. நாங்கள் பச்சை, அவர்கள் சிவப்பு. நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த சனிக்கிழமை இரண்டும் மோதும். தோற்ற ஊர்க்காரி திங்கட்கிழமை முழுக்க ஜெயித்த ஊர்த் தொப்பியைப் போட்டுக்கொண்டு, ஜெயித்த நிறத்தில் சர்க்கரைப் பூச்சு போட்ட டோனட்தான் விற்க வேண்டும். ஜெயித்தவள் முதல் ஆளாக வந்து, கல்லாவுக்கு எதிரில் நின்று, ஒன்றை எடுத்து மெதுவாக மென்று தின்பாள். அவள் தின்று முடிக்கும்வரை தோற்றவள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஏதோ ஒரு வருஷம் வாய்ச்சண்டையில் நாங்களே கட்டிக்கொண்ட பந்தயம், அப்படியே நிலைத்துவிட்டது.

கேலீன் மெல்லுவதைப் பார்க்க வேண்டுமே! "உப்புக் கரிக்குதே, மாவுல கண்ணீர் விட்டுட்டியாடி?" என்பாள். அடுத்த நவம்பர்வரை என் ரத்தம் கொதிக்கும். எனக்குப் பொழுது போனதே அதில்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், டிவிக்காரர்கள் பணத்தைக் கொட்டுகிறார்கள் என்று, இரண்டு அணிகளும் காலங்காலமாக ஆடிய கூட்டமைப்பை விட்டு ரிட்லி கல்லூரி பெரிய கூட்டமைப்புக்குத் தாவியது. இப்போது அவர்கள் விமானத்தில் பறந்து போய்க் கடற்கரை ஊர்களில் ஆடுகிறார்கள். அவர்களுடைய அட்டவணையில் எங்களுக்கு இடமில்லையாம். எங்களை எந்தப் பெரிய இடத்திலும் கூப்பிடவில்லை. பேர் தெரியாத கல்லூரிகளோடு ஆடிக்கொண்டு கிடக்கிறோம்.

போன நவம்பரில், ஆட்டம் இல்லாத அந்தத் திங்கட்கிழமை, நான் கடைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் அங்கே இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

இந்த வருஷம் அந்தச் சனிக்கிழமை ரிட்லி ஃப்ளோரிடாவின் நீல அணியிடம் தோற்றது; செவ்வாய்க்கிழமை பேப்பரில் படம் வந்தது. கேலீன் தலையில் நீலத் தொப்பி. முன்னால் தட்டு நிறைய நீல டோனட். பக்கத்தில் ஃப்ளோரிடாவிலிருந்து பறந்து வந்த ஒரு பேக்கரிக்காரி நின்று ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது, பல்லெல்லாம் அப்படி ஒரு வெள்ளை. என்னுடைய பந்தயம்! கேலீன்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

படத்தை என் புருஷன் மெர்ல் மூக்குக்கு நேரே நீட்டினேன். "எப்படி இளிக்கிறா பாருங்க. என் பச்சைத் தொப்பியைப் போட்டப்போ ஒரு தடவையாவது சிரிச்சிருப்பாளா?"

"எப்படிச் சிரிப்பா? அவதான் உன்னை வெறுத்தாளே, வெர்னா."

"அதைத்தான் நானும் சொல்றேன்! முப்பது வருஷம் என்னை மட்டும்தான் வெறுத்தா!"

மெர்ல் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என் பழைய காதலி வீட்டுக்கு வந்தப்போகூட உன் மூஞ்சி இப்படிச் சிவக்கலையே."

"சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு மாவு பிசையப் போனேன்.

புதன்கிழமை காலை பச்சைத் தொப்பியை மாட்டிக்கொண்டு, ஒரு டஜன் பச்சை டோனட்டோடு பாலத்தைத் தாண்டினேன். கேலீன் பெட்டியைத் தூக்கி வாசலில் எறிவாள், நாலு பேர் முன்னால் என்னைக் கிழிப்பாள், நானும் திருப்பிக் கிழிப்பேன் என்று ஆசை ஆசையாகப் போனேன். கதவைத் திறந்ததும் அவள் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"அடி வெர்னா! எவ்வளவு நாளாச்சு! எனக்கா கொண்டு வந்தே?"

பெட்டியைத் திறந்தாள். யாரும் கட்டாயப்படுத்தாமல், எந்த ஆட்டத்திலும் தோற்காமல், ஒரு பச்சை டோனட்டை எடுத்துக் கடித்தாள். "பிரமாதம்டி. சனிக்கிழமை உங்க ஆட்டத்தை டிவியில பார்த்தோம். கடையில அத்தனை பேரும் உங்களுக்குத்தான் கை தட்டினோம்."

"எங்களுக்கா?"

"பின்னே? பக்கத்து ஊர்ப் பசங்க, பாவம்."

பாவம்! எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. என் கையில் மிச்சம் இருந்தது ஒரே ஆயுதம்தான். பதினோரு வருஷத்துக்கு முந்தைய ஆட்டத்தில், கடைசி நொடியில், ரிட்லிப் பையன் ஒருவன் மைதானத்தின் ஓரத்தில் பந்தைப் பிடித்து ஜெயித்தான். அவன் கால் கோட்டுக்கு வெளியே இருந்தது, அதனால் அது செல்லாது என்பது எங்கள் கட்சி, உள்ளே இருந்தது என்பது அவர்கள் கட்சி. அந்தப் பேச்சை எடுத்ததற்காக கேலீன் ஒரு கல்யாண வீட்டில் என்மேல் காபியை ஊற்றியிருக்கிறாள்.

"அன்னிக்கு உங்க பையன் கோட்டுக்கு வெளியிலதான் பிடிச்சான்" என்றேன், கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி.

கேலீன் விரலில் ஒட்டியிருந்த பச்சைச் சர்க்கரையை நக்கினாள். "ஆமாடி, வெளியிலதான் இருக்கும். அந்த ஆட்டத்தை நீங்களே ஜெயிச்சதா வச்சுக்கோங்க."

கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்: "யாருடி சொன்னது? உள்ளதான் பிடிச்சான்! கால் உள்ளதான் இருந்துச்சு, நானே பார்த்தேன்!"

"சரிடி, சரி" என்றாள் கேலீன். எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.