ஜெனரலின் நெஞ்சில் பதக்கங்கள்

காலை ஆறு இருபதுக்குக் கிளெமென்ற் எழுந்தான், பல் விளக்கினான், கேத்திலில் தண்ணீர் வைத்தான், அது கொதிப்பதற்குள் வரவேற்பறைச் சுவரொட்டியில் நிற்கும் ஜெனரலின் நெஞ்சில் எத்தனை பதக்கங்கள் என்று எண்ணினான். முப்பத்தெட்டு. முந்தின நாள் முப்பத்தாறுதான். பிறகு பாணில் பழுப்புச் சீஸ் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, நோர்வேயில் அவன் குடியிருந்த ஹொல்ம்லியாவிலிருந்து நகருக்குப் போகும் ஏழு ஐந்து ரயிலில் ஏறினான். அது 2007 பெப்ரவரி, அவன் மனைவி ஜெசிந்தா இறந்து இருபத்தொன்பதாம் நாள்.

சுவரொட்டியை வாங்கியவள் அவள். இரண்டு வருடங்களுக்கு முன் கப்பலில் கொப்பன்ஹேகன் போனபோது பழைய சாமான் சந்தையில் கண்டுபிடித்தாள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எடுத்த ஒரு நையாண்டித் திரைப்படத்துக்கு, டென்மார்க்கைப் பிடித்து வைத்திருந்த ஜேர்மன் படைகள் வெளியேறிய பிறகு அங்கே அச்சடித்த விளம்பரம் அது. சிவப்பு டேனிஷ் எழுத்துகளுக்குக் கீழே ஒரு குண்டு ஜெனரல் பியர் பீப்பாவின் மேல் நின்று சல்யூட் அடிக்கிறான். காற்சட்டை முழங்கால்வரை இறங்கிவிட்டது. எந்தச் சண்டையிலும் வெல்லாதவன் என்பதால் ஓவியர் அவன் நெஞ்சை வெறுமையாகவே விட்டிருந்தார். “இஞ்சை பாருங்கோ, எங்கட சூசைரட்ணம் அங்கிள்தான் இது. செபக்கூட்டத்திலை மைக்கைக் குடுத்தா அவரும் உப்பிடித்தானே நிப்பார்,” என்றாள் ஜெசிந்தா. திரும்பும் வழியெல்லாம் அதைச் சுருட்டி மடியில் வைத்திருந்து, நினைத்து நினைத்துச் சிரித்தாள்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவளுக்கு மூளையில் இரத்தம் கசிந்தது. வெள்ளிக்கிழமை தெளிவாகக் கதைத்தாள். அன்று பின்னேரம் மூன்று மணிக்கு இறந்தாள். வயது முப்பத்தொன்று. அந்த நேரம் கிளெமென்ற் ஆஸ்பத்திரி அறையில் இல்லை. பதினொரு நிமிடம் கீழே போயிருந்தான்.

செத்தவீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, கடைசியாக என்ன சொன்னவ என்பதைத்தான். ஜெசிந்தாவின் தாய் மேரியம்மா மன்னாரிலிருந்து தொலைபேசியில் அதையே கேட்டார். கிளெமென்ற் சற்று யோசித்து, “இயேசுவே, மரியே எண்டவ, மாமி,” என்றான். மேரியம்மாவின் அழுகை நின்றது. மறுநாள் காலை ஜெனரலின் நெஞ்சில் தங்க நிறத்தில் ஒரு பதக்கம் இருந்தது. ஜெசிந்தாவின் தோழி நோரா கேட்டபோது, உன்னைத்தான் விசாரித்தவ என்றான். வெள்ளிப் பதக்கம் ஒன்று வந்தது. வேலையிடத்து நோர்வேஜியப் பெண்ணிடம், எல்லாருக்கும் நன்றி சொன்னாள் என்றான். நீல நாடா கட்டிய சின்னத் தகரப் பதக்கம். ஆளுக்கு ஏற்றபடி அவன் சொன்னான், சொன்னதற்கு ஏற்றபடி அவை வந்தன. சூசைரட்ணம் விரலால் தடவிப் பார்த்து, “இது ஈரம், தம்பி. ஜன்னல் திறக்காத வீட்டிலை உப்பிடித்தான் வரும்,” என்றார். குடியிருப்புச் சங்கம் அனுப்பிய ஆள் கருவியால் சுவரை அளந்து, ஈரம் இல்லை, பதக்கங்கள்தான் என்று படிவத்தில் எழுதிவிட்டுப் போனார்.

இதெல்லாம் கிளெமென்றுக்குத் தொந்தரவாக இல்லை. தினமும் ரயிலில் உட்கார்ந்ததும், அவள் உண்மையில் சொன்னதை அவள் குரலிலேயே மனதுக்குள் ஒருமுறை கேட்பான். அது ஒன்றுதான் யாருக்கும் கொடுக்காமல் அவனிடம் இருந்தது. இருபத்தொன்பதாம் நாள் அவன் மனதுக்குள் அவள் வாயைத் திறந்து, “இயேசுவே, மரியே” என்றாள். மறுபடி கேட்டுப் பார்த்தான். அதையேதான் சொன்னாள். அடுத்த நிலையத்தில் இறங்கி, மூன்று ரயில்கள் போகும்வரை பனியில் நின்றான்.

முப்பத்தோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்தவர்களால் வீடு நிறைந்தது. பாரம் தாங்காமல் சுவரொட்டி முன்னால் வளைந்திருந்தது. அதன் கீழே நின்று சூசைரட்ணம் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டார். மறுமுனையில் மேரியம்மா.

“தம்பி, பிள்ளை கடைசியாச் சொன்னதை எல்லாருக்கும் ஒருக்காச் சொல்லும். இளசுகளுக்கு ஒரு படிப்பினை,” என்றார் சூசைரட்ணம்.

“மாமி,” என்று தொலைபேசியிடம் சொன்னான் கிளெமென்ற், “அவ அப்பிடிச் சொல்லேல்லை.”

முதல் பதக்கம் விழுந்தது. சூசைரட்ணம் தலையைக் குனிந்துகொண்டு விலகினார்.

“என்னைக் கேட்டவ எண்டது?” என்றாள் நோரா.

“அதுவும் இல்லை. எல்லாருக்கும் நான் பொய்தான் சொன்னனான்.”

பதக்கங்கள் இரண்டும் மூன்றுமாக விழத் தொடங்கின. யாரோ ஒரு பெண், வந்தவர்களுக்கு வைத்திருந்த பற்றிஸ் பலகாரத்துக்குள் அவை விழாதபடி தட்டை எடுத்துத் தள்ளி வைத்தாள். இன்னொருத்தி விளக்குமாறு கொண்டுவந்து, குழந்தைகள் மிதிக்காதபடி கூட்டி ஒதுக்கினாள்.

தொலைபேசியில் மேரியம்மா கேட்டார்: “அப்ப என்னதான் சொன்னவள்?”

“மறந்துபோச்சு, மாமி. பொய் சொல்லிச் சொல்லி எனக்கு மறந்துபோச்சு.”

“யோசியுங்கோ மகன். செபமா இல்லாட்டியும் பறவாயில்லை. அவள் சொன்னதெல்லோ எனக்கு வேணும்.”

கடைசிப் பதக்கம் தரையில் உருண்டு அடங்கியது. டேனிஷ் ஓவியர் விட்டபடியே ஜெனரலின் நெஞ்சு வெறுமையாக இருந்தது. விளக்குமாறு வைத்திருந்தவள் அந்தப் பதக்கத்தையும் குப்பை அள்ளியில் சேர்த்தாள். அப்போது கிளெமென்றுக்கு ஜெசிந்தாவின் குரல் கேட்டது. கேட்டதைக் கேட்டபடியே தொலைபேசிக்குச் சொன்னான்:

“பார்க்கிங் நேரம் முடியப்போகுதெல்லே, ஓடுங்கோ. ஜக்கற்றைப் போட்டுக்கொண்டு ஓடுங்கோ, வெளியிலை குளிர்.”