டாக்டர் ஸ்காக்மோவின் கடுகு நிறச் சட்டி

தடம் புரண்ட சரக்கு ரயிலை ஒரு கையால் தூக்கித் தண்டவாளத்தில் வைத்தவன் என் புருஷன் ஆரின். அதே ஆரினால் மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஊறுகாய்ப் பாட்டிலின் மூடியைத் திருக முடியவில்லை. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கடைசியில் பாட்டிலை என்னிடம் நீட்டினான். நான் ஒரே திருகில் திறந்தேன். இருவரும் வெள்ளரி ஊறுகாயைத் தின்றோம்.

ஆபத்தில் பறந்து வந்து காப்பாற்றும் கேப்டன் பனிப்புயல் ஆரின்தான் என்பது ஹால்வர் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த நீல உடுப்பைத் துவைத்துக் கொல்லைக் கொடியில் நான்தான் காயப்போடுகிறேன், தெரியாமல் எப்படி இருக்கும்? ஆனால் எங்கள் மின்னசோட்டா மாநிலத்தில் யாரும் அதை முகத்துக்கு நேரே கேட்க மாட்டார்கள். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது நாகரிகமில்லை. முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வார்கள், அது வேறு.

மார்ச் முழுக்க அவன் தேய்ந்துகொண்டே போனான். முதலில் பாட்டில், பிறகு மாடிப்படி, பிறகு நாற்காலியிலிருந்து எழுவது. வீட்டை விட்டு வெளியே போகவும் தெம்பில்லை. எங்கள் குடும்ப டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "வயசாகுதுல்ல" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அவருக்குக் காப்பிகூடக் கொடுக்கவில்லை. சரி, கொடுத்தேன். ஆனால் கேக் வெட்டவில்லை.

கவலை ஆரினைப் பற்றி மட்டுமில்லை. ஏப்ரலில் பனி உருகி ரெட் ஆறு பொங்கும். மற்ற ஊர்களில் இரண்டு வாரம் முன்பே மணல் மூட்டை அடுக்குவார்கள். எங்கள் ஊரில் பாதிக் கரைக்கு அடுக்கிவிட்டு, மீதியை ஆரின் பார்த்துக்கொள்வான் என்று எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அவனுக்குச் சங்கடமாக இருக்குமாம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வீடு வந்தபோது தண்ணீர் கரையின் விளிம்பைத் தொட்டுவிட்டது. மதியம் இரண்டு மணிக்கு வாசல் மணி அடித்தது. முழங்கால் வரை நனைந்த கால்சட்டையோடு டாக்டர் வெர்லின் ஸ்காக்மோ நின்றிருந்தார். ஓய்வு பெற்ற பல் டாக்டர். சர்ச் நிர்வாகக் குழுவில் இருக்கிறார். முன்பு இரண்டு தடவை உலகத்தை அழிக்கப் பார்த்தவர். இரண்டு தடவையும் ஆரின்தான் தடுத்தான். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியிருந்ததால் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

"ஆர்டெல், தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க. என் சட்டி உங்ககிட்ட இருக்குல்ல?"

எனக்கு முகமே சுருங்கிப்போனது. பிப்ரவரி கடைசியில், ஆரினுக்குச் சளி பிடித்திருந்தபோது, இவர் ஒரு கடுகு நிறப் பீங்கான் சட்டி நிறைய ஹாட்டிஷ் கொண்டுவந்து கொடுத்தார். கொத்துக்கறி, காளான் சூப், மேலே வறுத்த உருளைக்கிழங்கு உருண்டைகள், வழக்கமானதுதான். தின்று, சட்டியைக் கழுவி, ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன். அடியில் டேப் ஒட்டி 'ஸ்காக்மோ' என்று எழுதியிருந்தது. எங்கள் ஊரில் அடுத்தவர் சட்டியை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற பழக்கம் கிடையாது. எதையாவது செய்து நிரப்பித்தான் கொடுக்க வேண்டும். ருபார்ப் என்ற புளிப்புத் தண்டில் நான் செய்கிற கேக் இந்த மாவட்டத்திலேயே பெயர் பெற்றது. தோட்டத்தில் ருபார்ப் முளைக்க மே மாதம் ஆகும். அதனால் சட்டி காத்திருந்தது.

"ஐயோ டாக்டர், மானம் போகுது. இன்னும் நான் ஒண்ணும் செய்யலியே!"

"பரவால்ல. காலியாவே குடுங்க."

"காலியாவா?" என் குரல் எனக்கே கேட்காத அளவுக்கு இறங்கிவிட்டது.

"ஆர்டெல், கரை உடையப் போகுது. என் தெருவுலதான் முதல்ல. ஆரின் வந்தாத்தான் உண்டு. அந்தச் சட்டி இங்க இருக்கிறவரைக்கும் அவன் எழுந்திருக்க மாட்டான்." தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அது டுல்வனைட். வடக்கே மூடிப்போன ஒரு இரும்புச் சுரங்கத்துல கிடைச்ச கல்லு. பொடி பண்ணி, களிமண்ணுல கலந்து, சூளைல சுட்டேன். எட்டு மைல் தூரத்துக்குள்ள இருந்தா ஆரினோட பலம் இறங்கிப்போகும். பக்கத்துலயே இருந்தா நாளாக நாளாகச் சுத்தமா போயிரும்."

நான் ஃப்ரிட்ஜ் மேலே பார்த்தேன். பிறகு சோபாவில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தவனைப் பார்த்தேன்.

"இதைக் குண்டுல வெச்சு வீசியிருக்கலாமே," என்றேன்.

"குண்டுன்னா பிடிச்சு விண்வெளிக்குத் தூக்கி எறிஞ்சிருவான். அடுத்தவங்க சட்டியை நீங்க தூக்கிப் போட மாட்டீங்க. காலியாவும் திருப்பித் தர மாட்டீங்க. அது எனக்குத் தெரியும்."

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. புருஷனை வீழ்த்தப் பார்ப்பது வில்லன்களின் தொழில், நாற்பத்தோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் என் வளர்ப்பையே எனக்கு எதிராக ஆயுதமாக்கியிருக்கிறார் இந்த மனிதர்! அதுவும் நன்றிக் கடிதம் எழுதிப் போட்டிருக்கிறேன். இரண்டு பக்கம்!

சோபாவிலிருந்து ஈனக்குரல் வந்தது. "ஆர்டெல், குடுத்துத் தொலை. தண்ணி வருது."

"நீ சும்மா படு. டாக்டர், உள்ள வாங்க, ஒரு நாப்பது நிமிஷம். மாவு இருக்கு, முட்டை இருக்கு, ஒரு காப்பிக் கேக் போட்டுர்றேன்."

"நாப்பது நிமிஷத்துல என் வீடு ஆத்தோட ஃபார்கோ ஊருக்கே போய்ச் சேர்ந்துரும்!"

"அதுக்காகக் காலிச் சட்டியைக் குடுக்கச் சொல்றீங்களா? ஊர்ல என்ன பேசுவாங்க?"

"ஊரே இருக்காது, ஆர்டெல்!"

தெருக்கோடியில் தண்ணீர் மினுமினுப்பது தெரிந்தது. ஆனாலும் காலியாகக் கொடுக்க என்னால் முடியவில்லை, அதுதான் உண்மை. சமையலறையைச் சுற்றிப் பார்த்தேன். மேஜை மேல் அந்த ஊறுகாய்ப் பாட்டில் இருந்தது. பாதிதான். அப்படியே சட்டியில் கவிழ்த்து, மேலே காகிதத் துண்டைப் போர்த்தி நீட்டினேன்.

"இந்தாங்க. வீட்ல போட்டது."

ஸ்காக்மோவின் கை பாதி வழியில் நின்றது. "ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம். வேணாம்."

"ஒரு சிரமமும் இல்ல."

"இல்ல இல்ல, உங்களுக்கே வேணுமே."

எங்கள் ஊரில் முதல் தடவையே வாங்கிக்கொண்டால் பேராசை. மூன்றாவது தடவை சொன்னால்தான் வாங்கலாம். தண்ணீர் எங்கள் தபால் பெட்டிக் கம்பத்தை எட்டிவிட்டது.

"எடுத்துக்கோங்கன்னு சொல்றேன்ல!" என்று கத்தினேன்.

"ரொம்ப வற்புறுத்துறீங்க, அதனால வாங்கிக்கிறேன்," என்று சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காருக்கு ஓடினார். ஊறுகாய்த் தண்ணீர் சட்டையெல்லாம் வழிந்தது. கிழக்குப் பக்கம் மேட்டுச் சாலையில் அவர் கார் போன வேகத்தில் போக முடியும் என்று அந்தக் காருக்கே தெரிந்திருக்காது.

நான் சோபா ஓரம் உட்கார்ந்து ஆரினின் கையைப் பிடித்துக்கொண்டேன். இவன் எழாமலே போய்விட்டால் என்ன செய்வேன் என்று பயமாக இருந்தது. இந்த ஒரு மாதமாக அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை. ஏழு நிமிஷம் கழித்து என் விரல் எலும்பு நொறுங்குகிற மாதிரி வலித்தது.

"ஆரின், கையை விடு!"

"ஐயோ, மன்னிச்சுக்கோ!"

அழுதேன். வலியில்தான் என்று சொல்லிக்கொண்டேன். அதற்குள் அவன் ஜன்னல் வழியாகப் போய்விட்டான், உள்பனியனோடு. நீல உடுப்பு கொடியிலேயே தொங்கியது. கூட்டுறவுச் சங்கத்தின் காலித் தானியச் சேமிப்புக் கோபுரத்தைப் பிடுங்கி, கரை உடைந்த இடத்தில் நீளவாக்கில் படுக்க வைத்தான். தண்ணீர் அடங்கிப் பின்வாங்கியது. ஸ்காக்மோ வீட்டில் நிலவறை மட்டும் கொஞ்சம் நனைந்தது. மறுநாள் கடைத்தெருவில் எல்லோரும் ஆரினிடம், "நேத்து கொஞ்சம் ஈரம், இல்ல?" என்றார்கள். அவ்வளவுதான்.

போலீசுக்கு நாங்கள் சொல்லவில்லை. அவர் சர்ச் நிர்வாகக் குழுவில் இருக்கிறாரே.

இரண்டு வாரம் கழித்து மறுபடி வாசல் மணி. ஸ்காக்மோ. கையில் சுடச்சுட ஹாட்டிஷ். நான் கதவைப் பாதி மூடிவிட்டேன். பிறகுதான் பாத்திரத்தைக் கவனித்தேன். கடையில் விற்கும் மெல்லிய அலுமினியத் தட்டு. ஒரு தடவை உபயோகித்துத் தூக்கிப் போடுவது.

"சட்டியை அந்தச் சுரங்கத்துலயே கொண்டுபோய்ப் போட்டுட்டேன்," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "இதைத் திருப்பித் தர வேணாம்."

மூன்றாவது தடவை சொன்னதும் வாங்கிக்கொண்டேன். சந்தேகத்துக்கு ஆரினைச் சோபாவைத் தூக்கச் சொன்னேன். நான் உட்கார்ந்திருக்கும்போதே சுண்டுவிரலால் தூக்கினான். பிறகு சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது.

தட்டைக் குப்பையில் போடத்தான் எடுத்துப்போனேன். நாகரிகமுள்ளவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கை நின்றுவிட்டது. கழுவித் துடைத்து, டேப் ஒட்டி அவர் பெயரை எழுதி, ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருக்கிறேன். ருபார்ப் இன்னும் முளைக்கவில்லை.