இந்தக் குரல் யாருது?

வாயாடி அந்தக் குரலை மறுபடியும் ஓடவிட்டபோது பீட்டுக்காரி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். கழற்றின பிறகும் அதற்குள்ளிருந்து அவள் பெற்ற மகளின் குரல் பொடிசாகக் கேட்டது. "அம்மா, சத்தமா வை."

வாயாடி என்பது ஆளுக்கும் பேர், அவன் நடத்துகிற சேனலுக்கும் பேர். உள்ளூரில் எவன் ராப் பாடினாலும் மறுநாள் வாயாடி அதைக் கேட்டுவிட்டுக் கண்ணை உருட்டுவான், நாற்காலியிலிருந்து விழுவான், அழுவான். பாட்டைக் கேட்கிறவர்களை விட வாயாடி பாட்டுக் கேட்பதைப் பார்க்கிறவர்கள் அதிகம். என்ன கர்மமோ, காலம் அப்படி. இன்றைக்கு அவன் விழவும் இல்லை, அழவும் இல்லை. கேமராவுக்குக் கிட்டே வந்து குசுகுசுவென்று பேசினான்.

"இந்தக் குரல் யாருது? கண்டுபிடிங்க மக்களே. குழந்தை கிடைச்சா பீட் போட்டது யாருன்னு தெரிஞ்சிரும். பீட் போட்டது யாருன்னு தெரிஞ்சா, கரி யாருன்னு தெரிஞ்சிரும். மொதல்ல சொல்றவங்களுக்கு என் கையால ஒரு ஸ்பீக்கர் பரிசு."

குழந்தை அவளுடையது. பீட் போட்டது அவள். கரி, அவள் புருஷன்.

இது எப்படி வந்த வினை என்றால், பீட், அதாவது பாட்டுக்கு அடியில் ஓடுகிற தாளமும் இசையும், போடுகிறவர்கள் பாட்டு தொடங்கும்போது தங்கள் முத்திரையாக ஒரு குரலை வைப்பார்கள். டேக் என்பார்கள். பீட்டைத் திருடினால் காட்டிக்கொடுக்கத்தான் அது. ஒருத்தன் தன் பேரைச் சொல்வான், இன்னொருத்தன் இருமுவான். இவள் என்ன செய்தாள்? மகள் வளர்ந்தும் வளராத வயதில், மேஜையடியில் உட்கார்ந்து ஒருநாள் கரகரத்த குரலில் கத்தியதை அப்படியே எடுத்து வைத்துவிட்டாள். பெத்தவளுக்கு அதை விட நல்ல முத்திரை எங்கே கிடைக்கும்? அன்றைக்கு அது தப்பாகவே தெரியவில்லை.

அவளை யாருக்கும் தெரியாது. பாட்டை வெளியிடுகிற லேபிள் அவள் அண்ணனுடையது. "பொம்பளை போட்ட பீட்டுன்னு தெரிஞ்சா பசங்க எடுக்க மாட்டாங்கடி" என்று சொல்லி எல்லாப் பாட்டிலும் லேபிள் பேரையே போட்டுவிடுவான். அவளும் போனால் போகிறது என்று விட்டுவிட்டாள். படுக்கையறை அலமாரிதான் அவர்கள் ஸ்டூடியோ. தொங்குகிற துணிகளுக்கு நடுவே மைக்கை மாட்டி, கதவைச் சாத்திக்கொண்டு புருஷன் உள்ளே நின்று பாடுவான். அவள் அந்தக் குரலை மிஷினில் தடிக்க வைத்து, கரி என்கிற ஆளைச் செய்வாள். வீடியோவில் கறுப்புத் துணி முகத்தை மூடியிருக்கும். சட்டையைக் கழற்றி மடித்து வைப்பது போல, பாடி முடித்ததும் கரியைக் கழற்றி வைத்துவிட்டுக் காலையில் ஆபீஸ் போவான்.

ஆபீஸ்தான் வம்பு. ஊரில் பாதிக் கட்டடங்களைக் கட்டுகிற முதலாளியிடம் அவன் கணக்கு எழுதுகிறான். அந்த முதலாளி கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தில் ஒரு பால்கனி பெயர்ந்து விழுந்தது. அதன்மேல் நின்று பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர் பிழைக்கவில்லை. சாயங்காலமே இடத்தைக் கழுவிவிட்டு வேலையைத் தொடங்கிவிட்டார்கள். புருஷன் அதை நேரில் பார்த்துவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்தான். எழுந்து அலமாரிக்குள் போனான்.

"மணலக் கொழச்சு மாடி வச்சான் மகராசன்,
மாடி விழுந்து மண்ணாப் போனான் ஒரு மனுசன்."

பேர் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. பஸ்ஸில் பாடினார்கள், டீக்கடையில் போட்டார்கள். பெயிண்டர்கள் ஏணிமேல் நின்றுகொண்டு பாடினார்கள். முதலாளி இரண்டு ஆட்களை விட்டு ராப் பாடுகிற பையன்களை ஒவ்வொருவராக விசாரித்தார். அதில் ஒருத்தன் கையில் கட்டோடு திரிகிறான். மாடிப்படியில் விழுந்துவிட்டதாகச் சொல்கிறான். அந்தப் பையன் வீட்டில் மாடியே கிடையாது.

அப்போதுகூட பீட்டுக்காரி ஒரு தைரியத்தில் இருந்தாள். குரலை மாற்றியாயிற்று, முகத்தை மூடியாயிற்று. மூடாமல் விட்டது ஒன்றே ஒன்று. அது பாட்டின் வாசலிலேயே நின்று கத்துகிறது என்பது அவள் புத்தியில் உறைக்கவில்லை. வாயாடி வந்து உறைக்க வைத்தான்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏனென்றால் குட்டி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் தினமும் அப்பாவுக்கு போன் போடுவாள். கணக்கு எழுதுகிற கை ஓயாது என்பதால் அவன் ஸ்பீக்கரில் போட்டுவிடுவான். "அப்பா, எப்ப வருவீங்க?" என்று அவள் கத்த, ஆபீஸே சிரிக்கும். ஒருநாள் முதலாளி வந்து நின்று, "என்ன பாப்பா, தொண்டையில தவளையா?" என்று கேட்டாராம். புருஷன் அதைப் பெருமையாக வந்து சொன்னான்.

அவனுக்கு போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். அதற்கும் பதில் இல்லை.

அந்த நேரத்தில் அண்ணன் வந்து சேர்ந்தான். பள்ளிக்கூடத்திலிருந்து குட்டியை அழைத்து வருவது அவன் வேலை. மருமகள் கையில் ஐஸ்கிரீம், மாமன் முகத்தில் கல்யாணக்களை.

"பாத்தியா? நாடு பூரா உன் பொண்ணு குரலைத்தான் தேடுது. பாட்டு எங்கயோ போயிருச்சு."

"வாயாடிக்கு யாருண்ணா இந்த யோசனையைக் குடுத்தது?"

அண்ணன் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்தான். அதிலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"நீயா?"

"கோவப்படாம கேளு. எல்லாரும் கரி யாரு, கரி யாருன்னு மாப்பிள்ளை பின்னாடியே வந்தாங்க. அதான் ஆளைத் திருப்பி விட்டேன். குழந்தையைத் தேடிட்டுக் கெடக்கட்டுமே. ஊருல எத்தனை குழந்தைங்க, எவன் கண்டுபிடிக்கப் போறான்? மாப்பிள்ளையும் தப்பிச்சார், பாட்டும் ஓடுச்சு."

லேபிள் நடத்துகிறவர்களுக்கு இது ஒரு வியாதி. வீடு தீப்பிடித்தால்கூட முதலில் போட்டோ எடுத்துவிட்டுத்தான் தண்ணீர் தேடுவார்கள். கெட்டவன் இல்லை, தங்கச்சி மேல் உயிரையே வைத்திருக்கிறான். ஆனால் மூளையை எங்கேயோ அடகு வைத்துவிட்டான்.

"அவர் ஆபீஸ்ல எல்லாருக்கும் இவ குரல் தெரியும்ணா. முதலாளியே இவகிட்ட பேசியிருக்கார்."

அண்ணன் முகத்திலிருந்த களை வடிந்து போயிற்று. கழற்றின செருப்பை மறுபடியும் மாட்டினான். எங்கே போகவென்று தெரியாமல் அப்படியே நின்றான்.

"அம்மா, அப்பாவுக்கு போன் போடணும்" என்றாள் குட்டி.

"இன்னிக்கு வேண்டாம் கண்ணு."

"ஏன்?"

"அப்பாவுக்கு வேலை."

"தினமும்தான் வேலை" என்று குட்டி நியாயம் பேசியபோது போன் அடித்தது. திரையில் புருஷன் பேர். பீட்டுக்காரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பாய்ந்து எடுத்தாள்.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

"அம்மா, முதலாளி பேசுறேன்மா."

அவள் கண் குட்டியைத் தேடியது.

"பதறாதீங்க. உங்க வீட்டுக்காரர் என் எதிர்லதான் உக்காந்திருக்கார். தண்ணி குடிக்கிறார். பாப்பா ஸ்கூல்லேர்ந்து வந்தாச்சா?"

"அப்பாவா?" என்று குட்டி வாயைத் திறக்கவும், அவள் எட்டி அந்த வாயைப் பொத்தினாள். இதுவரை மகள் மேல் அப்படிக் கை வைத்ததில்லை. ஐஸ்கிரீம் ஒட்டிய உதடும் சூடான மூச்சும் உள்ளங்கைக்குள் திமிறின. குட்டியின் கண்கள் விரிந்தன. விளையாட்டு இல்லை என்று அதற்குப் புரிந்ததும் அசையாமல் நின்றது.

"இன்னும் வரலைங்கய்யா."

"அப்படியா. இப்பதான் குரல் கேட்ட மாதிரி இருந்துச்சே. குடுங்கம்மா, ஒரே ஒரு வார்த்தை. ஸ்பீக்கர்லதான் போட்டிருக்கேன். இங்க எல்லாரும் ஆசையாக் காத்திருக்காங்க."

"தொண்டை கட்டியிருக்குங்கய்யா."

"பரவால்ல. சத்தமா வேண்டாம், மெல்லப் பேசட்டும்."

கொடுத்தாலும் போயிற்று, கொடுக்காவிட்டாலும் போயிற்று. போனுக்குள் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். யாரோ என்ன, அவள் புருஷன்தான். பாடத் தொடங்குமுன் அலமாரிக்குள் நின்று அவன் கனைக்கிற கனைப்பு. அவனைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள், கதவு சாத்தியிருக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. கையில் கட்டோடு திரியும் பையன் கண்முன்னே வந்தான்.

"அது என் பொண்ணு குரல்தாங்கய்யா" என்றாள். "பீட் போட்டது நான். பாட்டும் நான்தான். கரின்னு சொல்றது என்னைத்தான்."

மறுமுனையில் நாற்காலி மறுபடியும் கிறீச்சிட்டது.

"என் குரலையே மிஷின்ல போட்டு ஆம்பளைக் குரலா மாத்தினேன். அவருக்கு இது எதுவும் தெரியாது. காலையில போனா சாயங்காலம் வர்றவர். அவரை விட்டுருங்க."

"கெட்டிக்காரிதான்" என்றார் முதலாளி. பிறகு குரல் போனை விட்டு நகர்ந்தது. "என்னய்யா, நிஜமா? உமக்குத் தெரியாதா?"

அவன் தப்பிக்கவேண்டும் என்றுதான் சொன்னாள். கதவைத் திறந்துவிட்டதே அவள்தான். ஆனாலும் மனசு என்று ஒன்று இருக்கிறதே, அது ஓர் ஓரத்தில் காத்துக்கொண்டிருந்தது. ஒரு மூச்சு தயங்குவான் என்று. ஒன்றும் சொல்ல வேண்டாம், தயங்கினால் போதும்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யா. சத்தியமாத் தெரியாது. அவ என்ன பண்றான்னு நான் கேக்குறதே இல்ல. இப்படிப் பண்ணுவான்னு கனவுலகூட நெனைக்கல."

அலமாரிக்குள் ஒரு வரி சொல்ல அவன் படாதபாடு படுவான். நாக்குப் புரளும், பாதியில் நிற்கும், மறுபடியும் மறுபடியும் எடுக்கவேண்டும். இதை ஒரே தடவையில் சொல்லி முடித்தான்.

"சரிம்மா. வண்டி அனுப்புறேன். பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க, உக்காந்து பேசிக்கலாம்" என்றார் முதலாளி. போன் நின்றது.

பீட்டுக்காரி மகளின் வாயிலிருந்து கையை எடுத்தாள். கன்னத்தில் விரல் பதிந்த இடம் சிவந்திருந்தது. அவளைத் தூக்கி முகமெல்லாம் முத்தம் கொடுத்து அண்ணன் தோளில் சாத்தினாள். குட்டியின் சட்டையை இழுத்துவிட்டாள்.

"பின்பக்கமா இறங்கிப் போ. உன் வீட்டுக்குப் போகாத, வேற எங்கயாவது போ. போற வழியில வாயாடிக்கு போன் போடு."

"அவன் எதுக்குடி இப்போ?"

"கேமராவோட இங்க வரச் சொல்லு. உடனே லைவ் போடணும். அந்த வண்டி வந்து என்னை ஏத்துறப்போ நாடே பாத்துட்டு இருக்கணும். யாரும் பாக்கலைன்னா என்னையும் மாடிப்படியில விழுந்துட்டதாச் சொல்லிருவாங்க."

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீயும் வா, எல்லாரும் போயிரலாம்."

"நான் வந்தா அவரை வெளியே விடமாட்டாங்க. போ."

அவன் குட்டியை அணைத்துக்கொண்டு பின்கதவு வரை போய்த் திரும்பினான்.

"யாரு கூப்பிடுறான்னு கேப்பானே. உன் பேரைச் சொல்லவா?"

தெருமுனையில் ஒரு வண்டி திரும்புகிற சத்தம் கேட்டது. அது அந்த வண்டியா, வேறு வண்டியா, தெரியவில்லை.

"கரி கூப்பிடுறான்னு சொல்லு" என்றாள். "அந்தப் பேருக்கு இப்போ வேற ஆள் இல்ல."