தலையெழுத்தை எடுத்தவன்

"போல்ட்டுத் தலையில இருக்கிற எழுத்தை வடிவா எடுத்து வை, தம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் சுகிர்தன் அண்ணன் பெயின்ட் வாங்க ரோலா கடைத்தெருவுக்குப் போனார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் ஷார்ஜா கேரேஜுக்கு ஃபோர்மேன். நான் சோலைமுத்து, சிவகங்கைப் பக்கம். எடு என்றால் எங்கள் ஊரில் எடுப்பதுதான். அறுபத்தொன்பதாம் வருடத்து அமெரிக்கக் காரின் எஞ்சின் போல்ட்டுகளை வைஸில் மாட்டி, தலையில் மேடாக நின்ற எழுத்தையெல்லாம் கிரைண்டரால் வழவழவென்று எடுத்துவிட்டேன். பெருமையாக வேறு இருந்தது, தூ!

திரும்பி வந்தவர் ட்ரேயைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னடாப்பா செய்துபோட்டாய்! துருவைப் போக்கி எழுத்தை வெளியில எடு எண்டெல்லோ சொன்னனான்!"

"வடிவா எடுன்னா, அழகா எடுத்துறச் சொல்றீகன்னுல்ல நெனச்சேன்!"

"வடிவா எண்டா கவனமா எண்டு அர்த்தமடா!"

நாசமாய்ப் போக! ரெண்டு பேரும் பேசுவது தமிழ்தான். அந்த எழுத்து கம்பெனி போட்டது. அது இருந்தால்தான் போல்ட் அசல். பழைய கார் கண்காட்சியில் ஒவ்வொரு தலையையும் பார்ப்பார்களாம். அசலாக முடித்துக் கொடுத்தால் அண்ணன் மனைவி சுகந்தாவின் விசாவில் கையெழுத்துப் போடுவதாக எங்கள் அரபி முதலாளி, அர்பாப், வாக்குக் கொடுத்திருந்தார். அந்த அக்கா கொழும்பு லாட்ஜில் தனியாக இருந்தார். தமிழ் ஆட்களெல்லாம் ஊருக்கே திரும்ப வேண்டும் என்று அங்கே போலீஸ் உத்தரவு. ஊரிலோ சண்டை.

பழைய இரும்புக் கடைகள் அத்தனையும் ஏறி இறங்கினோம். அந்த எழுத்து எங்கேயும் இல்லை. அண்ணன் உளியை வைத்துக் கொத்திப் பார்த்தார். மேடாக இருந்ததை வழித்துவிட்டால் எங்கிருந்து கொண்டுவருவது? விரல் கிழிந்து ரத்தம் வந்தது. நான் பிடித்து நிறுத்தும்வரை கொத்தினார்.

சாயங்காலம் அர்பாப் வந்து ஒரு போல்ட்டை எடுத்துப் பார்த்தார். "கிஸ்னே கியா?" யார் செய்தது என்று இந்தியில் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முன்னால் வந்து நின்றார். "மேரா கல்தி, அர்பாப்." தப்பு தன்னுடையது என்றார்.

அர்பாப் பேனாவை வெளியே எடுக்கவே இல்லை. போய் வண்டியில் ஏறினார். பின்னாலேயே ஓடிக் கண்ணாடியைத் தட்டினேன். நான்தான் செய்தேன், என்னை ஊருக்கு அனுப்பு, அவருக்குக் கையெழுத்துப் போடு என்று தெரிந்த இந்தியிலெல்லாம் கெஞ்சினேன். வண்டி போய்விட்டது.

"ஏண்ணே இப்படிப் பண்ணினீக?" என்று கத்தினேன்.

"உன்னைக் கலைச்சுப்போட்டு எனக்குக் கையெழுத்தோ? சொன்னது நான்தானே."

அவர் போன் அடித்தது. சுகந்தா அக்காவின் குரல் எனக்கும் கேட்டது. "பஸ்ஸில ஏறச் சொல்லிப் பொலிஸ்காரர் நிக்கினம். விசா வந்திட்டுதோ? சொல்லுங்கோ, ஏறவோ, ஒளிச்சு நிக்கவோ?"

அண்ணன் போனை என் பக்கம் நீட்டினார். போனை வாங்கி நான்தான் சொன்னேன்.

"அக்கா, ஏறிருங்க."